மனுவிலிருந்து மருத்துவமனைக்கு: இந்திய மாதர் சங்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த ஆய்வு

மாதர் சங்கம் தொடங்குவது பெரிய காரியமில்லை. நாலு பேர் கூடினால் போதும். தையல் வகுப்பு, முதலுதவிப் பயிற்சி, நவராத்திரிக்கு ஒரு கூட்டம், வருஷத்துக்கு ஒரு முறை கலெக்டருக்கு ஒரு மனு என்று வண்டி ஓடிவிடும். தொடங்கி 30 வருஷம் கழித்து, கைக்கு மீறியதாகத் தெரியும் ஒரு வேலையை எடுத்து முடித்த சங்கங்கள் குறைவு. சென்னையில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அப்படிப்பட்டது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள் ஏராளம். ஆனால் அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்பது இந்தச் சங்கத்தின் பெயர் என்று பலருக்கும் தெரியாது.

மருத்துவமனையின் வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கட்டிய சங்கத்தின் பக்கம் நின்று, எப்போது என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், எங்கே தாமதித்தார்கள் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. இன்று ஊர்களில் சங்கம் நடத்துகிறவர்களுக்கு இது உதவும் என்பது என் நம்பிக்கை. பொதுவாழ்வில் இருந்தவர்களை மட்டும் பெயர் சொல்லியிருக்கிறேன். நோயாளிகள், குடும்பத்தினர், நன்கொடை கொடுத்தவர்கள், சாதாரண உறுப்பினர்கள் யாருக்கும் இங்கே பெயர் இல்லை.

பின்னணி: 1917 முதல் 1921 வரை

1917 மே 8-ஆம் தேதி அடையாற்றில் சங்கம் தொடங்கியது. டாரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்றார்கள். பெசன்ட் முதல் தலைவர். பிரம்மஞான சபையின் நிழலில் பிறந்த சங்கம் என்பதால் வெள்ளைக்காரப் பெண்களும் மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் படித்த குடும்பத்துப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சாதாரணமான விஷயம் இல்லை. கிளைகளில் எழுத்தறிவு, தையல், முதலுதவி வகுப்புகள் நடந்தன. 'ஸ்த்ரீ தர்மா' என்ற பத்திரிகையும் வந்தது. பெரும்பகுதி ஆங்கிலம், தமிழிலும் தெலுங்கிலும் சில பக்கங்கள்.

இதே சங்கம் தொடங்கிய ஏழே மாதத்தில் அரசியலிலும் இறங்கியது. இந்தியாவுக்கான அரசுச் செயலர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, 1917 டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு அவரைச் சந்தித்தது. ஆண்களுக்கு என்ன தகுதியில் வாக்குரிமையோ அதே தகுதியில் பெண்களுக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. லண்டன் நேரடியாகக் கொடுக்கவில்லை. அந்தந்த மாகாணச் சட்டசபை தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பந்து உள்ளூர் மைதானத்துக்கு வந்ததும் சங்கத்துக்கு வேலை எளிதானது. ஆங்கிலேய இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் 1921-ல் அந்தத் தடையை நீக்கியது. சொத்து, வரி என்ற நிபந்தனைகள் இருந்ததால் வாக்குப் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

சங்கம் இதில் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது: சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியாக எழுதிய மனுவோடு போனால் காரியம் நடக்கும். இந்தப் பாடம்தான் பின்னால் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒருவகையில் தாமதப்படுத்தியதும் இதுவே என்று நினைக்கிறேன்.

சட்டசபையும் ஒரு வீடும்: 1926 முதல் 1931 வரை

1926-ல் பெண்கள் சட்டசபையில் உட்காரலாம் என்று விதி மாறியது. சங்கம் தன் சார்பில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை முன்னிறுத்தியது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் கல்லூரியான மகாராஜா கல்லூரியில் சேரச் சமஸ்தானத்தின் தனி அனுமதி வேண்டியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றார். தாயார் இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தேவதாசி முறையின் வலி அவருக்கு வீட்டிலிருந்தே தெரியும். சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தேவதாசி ஒழிப்புக்காக அவர் 1927-ல் கொண்டுவந்த தீர்மானமும், 1929-ல் அறநிலையச் சட்டத்தில் நடந்த திருத்தமும் தெரிந்தவை. முழுச் சட்டம் வர 1947 ஆனது. மனு, தீர்மானம், மசோதா என்ற வழியில் போனால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு அந்த 20 வருஷமே அளவு.

அதே சமயத்தில் இன்னொன்று நடந்தது. இந்த ஆய்வுக்கு அதுதான் முக்கியம். பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பிவந்த சில சிறுமிகளுக்கு நகரத்து விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. தேவதாசி வீட்டுப் பிள்ளைகள் என்று ஒதுக்கினார்கள். முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சட்டம் வரும்வரை அந்தச் சிறுமிகள் தெருவில் நிற்க முடியாது என்ற நிலைமை வந்தபோது, மனு எழுதுகிற கை சோறு போடவும் வேண்டியதாயிற்று. பெண்கள் கேட்டு வாங்குவதைத் தாண்டி, தாங்களே ஒன்றை நடத்தவும் முடியும் என்பதற்குக் கண்முன் சாட்சி கிடைத்தது.

காணப்பட்டது: வயிற்றுப்போக்கு என்று நினைத்த நோய்

இதற்கு முன்பே, 1923-ல், முத்துலட்சுமியின் தங்கை இறந்துபோனார். சின்ன வயசு. மலக்குடலில் புற்றுநோய். முதலில் அதை வயிற்றுப்போக்கு, சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அக்கா டாக்டர், ஊரின் பெரிய டாக்டர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டிலேயே நோய் இன்னதென்று தெரியும்போது காலம் கடந்துவிட்டது.

மலக்குடல் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள் இன்றைக்கும் ஏமாற்றக்கூடியவை. இரத்தம் கலந்து போவது, அடிக்கடி போகத் தோன்றுவது, போனபிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. மூலம் என்றோ பேதி என்றோ நினைக்க வைக்கும். விரலால் ஒரு பரிசோதனை செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் சந்தேகம் வந்தால்தானே சோதிப்பார்கள்? வயதானவர்களுக்கு வரும் நோய் என்று எண்ணிக்கொண்டிருந்தால், இளம்பெண் விஷயத்தில் சந்தேகமே வராது.

1925-ல் முத்துலட்சுமி அரசு உதவித்தொகையில் லண்டனுக்குப் போய்ப் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை நடப்பதை அங்கே பார்த்தார். சென்னையில் அது இல்லை. பொது மருத்துவமனை வார்டில் கால் முறிந்தவருக்குப் பக்கத்துப் படுக்கையில் புற்றுநோயாளி கிடப்பார். அறுவை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்ப வந்தாரா, நோய் திரும்பியதா என்று கேட்க ஆளில்லை.

பெண்கள் நிலை இன்னும் மோசம். இந்தப் பக்கத்துப் பெண்களிடம் அன்று அதிகம் காணப்பட்டது கருப்பை வாய்ப் புற்றுநோய். அடுத்து, வெற்றிலையோடு புகையிலை போடுவதால் வரும் வாய்ப் புற்றுநோய். முதலாவதை வெளியே சொல்லவே வெட்கம். வெள்ளைப்படுதல் என்று பாட்டி வைத்தியம் நடக்கும். தூரம் நின்ற பிறகும் உதிரம் கண்டால் 'உடம்புச் சூடு' என்பார்கள். ஆண் டாக்டரிடம் காட்டுவதைவிட இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்த பெண்கள் எத்தனை பேரோ. ஆகவே இதைப் பெண்கள் சங்கம் கையில் எடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பெண்ணிடம் பெண் கேட்டால்தான் பதில் வரும் நோய் இது.

முதல் முயற்சி: 1935

சென்னை மருத்துவக் கல்லூரிக்கு 1935-ல் நூற்றாண்டு விழா. அந்தச் சமயத்தில் முத்துலட்சுமி புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். சங்கத்தின் பழைய வழிதான்: பெரிய மனிதர்கள் கூடும் இடத்தில், கேட்க வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்வது.

பலன் இல்லை. காரணம் அன்று எல்லோரிடமும் இருந்த ஓர் எண்ணம். புற்றுநோய் வந்தால் சாவுதான். சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி? பொறுப்பில் இருந்தவர்கள் வாயிலிருந்தே இந்தப் பதில் வந்ததை, பிறகு இந்த மருத்துவமனையில் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கொடூரமாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. காசநோயும் காலராவும் பிரசவச் சாவும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோன காலம். குணமாகாது என்று நம்பிய ஒரு நோய்க்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது.

ஆனால் நம்பிக்கைதான் நோயைக் குணமாகாததாக ஆக்கிக்கொண்டிருந்தது. குணமாகாது என்று எண்ணியதால் நோயாளிகள் கடைசியில்தான் வந்தார்கள். கடைசியில் வந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. காப்பாற்ற முடியாததால் எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. இந்த வட்டத்தை உடைக்க வேண்டுமானால், குணமான நாலு பேரை ஊருக்குக் காட்ட வேண்டும். அதற்கு முதலில் ஒரு மருத்துவமனை வேண்டும். யாரும் நம்பாதபோதே யாராவது தொடங்கிவைக்க வேண்டிய நிலைமை. அரசு அதைச் செய்யாது என்பது 1935-லேயே தெரிந்துவிட்டது.

இடையில் 14 வருஷம்

சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியது 1949-ல்தான். இடைப்பட்ட காலத்தில் உலகப்போர் நடந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் சென்னை நகரமே பாதி காலியானது. அரிசிக்கு ரேஷன் வந்தது. சுதந்திரமும் வந்தது. இவ்வளவுக்கும் நடுவே நிதி திரட்டியிருக்க முடியுமா என்று கேட்டால் கஷ்டம்தான்.

ஆனாலும் போரை மட்டும் காரணம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. போருக்கு முன்பே நாலு வருஷம் கிடைத்தது. பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை போருக்கு நடுவேதான், 1941-ல் திறந்தது. அதன் பின்னால் பெரிய தொழில் குடும்பம் இருந்தது என்பது உண்மை. இங்கே அப்படி யாரும் இல்லை. சங்கம் அரசை எதிர்பார்த்தது. கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு, இனி கேட்பதில் பயனில்லை என்று ஒப்புக்கொள்வது லேசல்ல. அவ்வை இல்லத்தில் அந்த ஒப்புதல் சீக்கிரம் வந்தது, ஏனென்றால் சிறுமிகள் வாசலில் நின்றார்கள். புற்றுநோயாளிகள் வாசலுக்கு வரவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள்.

1949: எடுத்த முடிவுகள்

நிதியைச் சங்கத்தின் பெயரிலேயே தொடங்கினார்கள். தனி அறக்கட்டளை வைத்து, நாலு பணக்காரர்களை உறுப்பினராக்கி, அவர்கள் பெயரில் கட்டடம் எழுப்பியிருக்கலாம். அந்தக் காலத்து வழக்கம் அதுதான். அப்படிச் செய்யாததற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 30 வருஷமாகத் தையல் வகுப்பும் முதலுதவியும் நடத்திச் சேர்த்துவைத்த நம்பிக்கை சங்கத்தின் பெயரில்தான் இருந்தது. பணம் கேட்டுப் போகிறபோது நீங்கள் யார் என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருந்தது.

இரண்டாவது முடிவு, மருத்துவத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் அன்று நாட்டிலேயே குறைவு. பெற்றவர்களும் சம்பளமில்லாத, கட்டடமே இல்லாத மருத்துவமனைக்கு எதற்கு வரப்போகிறார்கள்? மகன் வந்தார். குடும்பத்துக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று வெளியே இருந்து சொல்வது எளிது. வேறு ஆள் இல்லை என்பது அன்றைய நிலைமை. ஆனால் அதில் ஆபத்தும் உண்டு, பின்னால் வருகிறேன்.

மூன்றாவது முடிவைத்தான் நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். முழு மருத்துவமனை கட்டி முடியும்வரை காத்திருப்பதில்லை, கிடைத்ததை வைத்துத் திறந்துவிடுவது. 1952 அக்டோபர் 10 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை திறந்தது. அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே 20 மாதம். 12 படுக்கைகள். ஒரே ஒரு சிறிய கட்டடம். கருவிகள் பெயருக்குத்தான். பிரதமர் அடிக்கல் நாட்டிய மருத்துவமனையை 12 படுக்கையோடு திறக்க எவ்வளவு கூச்சம் இருந்திருக்கும்! அந்தக் கூச்சத்தை அவர்கள் விழுங்கிக்கொண்டார்கள். குணமான நாலு பேரைக் காட்ட வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதற்கு 12 படுக்கை போதும்.

முதல் வருஷங்கள்

1955 ஏப்ரலில் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 28 வயது. பெண்கள், குழந்தைகள் அரசு மருத்துவமனையில் வேலைக்குத் தேர்வாகியிருந்தார். அரசு வேலை, ஓய்வூதியம், எழும்பூர் போன்ற இடம். அதை விட்டுவிட்டு 12 படுக்கை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றால் வீட்டில் யார்தான் சரி என்பார்கள்? முதல் மூன்று வருஷம் சம்பளமில்லாத கௌரவ வேலை. அப்புறம் மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே குடியிருப்பும். 2021 ஜனவரியில் காலமாகும்வரை அவர் அந்த வளாகத்தில்தான் இருந்தார்.

சங்கம் கொடுக்க முடிந்தது சம்பளமில்லை. நோயாளியிடம் காசைப் பார்த்து வைத்தியம் செய்யத் தேவையில்லாத ஓரிடம், மருத்துவமனையோடு சேர்ந்து வளர்கிற வாய்ப்பு, இவற்றைத்தான் கொடுத்தார்கள். அதை மதிக்கிற ஒருவர் வந்தார். எல்லாச் சங்கத்துக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. ஆசியாவிலேயே முதல் கோபால்ட் கருவிகளில் ஒன்று. சங்கத்துப் பெண்கள் இதற்காக ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று புரிய, கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கு முன் இருந்த எக்ஸ்ரே கருவிகளின் கதிர் வலு குறைந்தது. உடம்புக்குள் போவதற்குள் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். தோல் வெந்து புண்ணாகும். கருப்பை வாய் இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆழத்தில் இருக்கிறது. அங்கே தேவையான அளவு கதிரைச் சேர்ப்பதற்குள் நோயாளி தோல் எரிச்சல் தாங்காமல் சிகிச்சையையே விட்டுவிடுவார். கோபால்ட் கதிரின் உச்ச வீரியம் தோலுக்கு அரை சென்டிமீட்டர் உள்ளேதான் தொடங்குகிறது. தோல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், ஆழத்துக்குக் கதிர் போய்ச்சேரும். இந்த ஊர்ப் பெண்களை அதிகம் வாட்டிய நோய்க்கு இது நேரான மருந்து.

ஆனால் கோபால்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஏறக்குறைய 5.3 வருஷத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். முதல் வருஷம் இரண்டு நிமிஷத்தில் கொடுத்த கதிரை ஐந்து வருஷம் கழித்துக் கொடுக்க நாலு நிமிஷம் ஆகும். நோயாளி கூடிக்கொண்டே போகிறார், கருவியோ மெதுவாகிக்கொண்டே வருகிறது. சில வருஷத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் கோபால்ட்டை மாற்றியே ஆக வேண்டும். அதாவது, தானமாகக் கருவி கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று உட்கார முடியாது. நிதி திரட்டும் வேலைக்கு முடிவே இல்லை. கட்டடம் கட்டுவதோடு முடியும் என்று நினைத்துத் தானம் கேட்கிற சங்கங்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன.

கதிர்வீச்சுச் சிகிச்சை தினமும், ஐந்தாறு வாரம் தொடர்ந்து நடக்கும். தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரும் நோயாளியும் கூட வரும் ஒருவரும் அத்தனை நாள் எங்கே தங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள்? பாதியில் ஊருக்குப் போனால் சிகிச்சை வீண். இந்தக் கேள்விகளை ஒரு டாக்டரைவிட வீடு நடத்திய பெண்கள் சீக்கிரம் கேட்பார்கள். தங்குமிடமும் உணவும் சிகிச்சையின் பகுதிதான் என்பதை அந்த மருத்துவமனை தொடக்கத்திலிருந்தே ஏற்றுக்கொண்டதற்குச் சங்கத்தின் கை அதில் இருந்ததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

தொடர்ந்து நடந்தது

1960-ல் குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டு தனியாக வந்தது, நாட்டிலேயே முதல். 1968-ல் முத்துலட்சுமி காலமானார். 1975-ல் மத்திய அரசு இதை வட்டாரப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. 1935-ல் கேட்டதற்கு அரசு 40 வருஷம் கழித்துப் பதில் சொன்னது என்று எடுத்துக்கொள்ளலாம். 1984-ல் புற்றுநோய் அறுவைக்கும் மருந்துச் சிகிச்சைக்கும் உயர்நிலைப் பட்டப்படிப்புகள் தொடங்கின.

1980-களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு ஆரம்பமானது. யாருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் என்று நகரம் முழுக்கச் சேகரிக்கும் வேலை. வெளியே பளிச்சென்று தெரியாத வேலை. ஆனால் அதில்தான் பெரிய செய்தி கிடைத்தது. தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் முன்னுக்கு வந்தது. தாமதமான திருமணம், குறைவான பிரசவம், சுத்தம், படிப்பு என்று பல காரணங்கள் சேர்ந்த மாற்றம் இது. மருத்துவமனையின் சாதனை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. பெண்கள் படிக்க வேண்டும், பால்ய விவாகம் கூடாது என்று இதே சங்கம் 1917 முதல் பேசிவந்ததையும் மறக்கக் கூடாது.

சாந்தாவுக்கு 2005-ல் மகசேசே விருது கிடைத்தது. 12 படுக்கைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவோ சலுகையிலோ சிகிச்சை என்ற தொடக்ககால முடிவு மாறவில்லை. எனக்கு இதுதான் ஆகப் பெரிய விளைவு. வளர்ந்த நிறுவனங்களில் முதலில் காணாமல் போவது இந்த மாதிரி முடிவுதான்.

சங்கத்துக்கு என்ன ஆனது

பிள்ளை தாயைவிட உயரமாகிவிட்டது. மருத்துவமனை மருத்துவர்கள் கைக்குப் போனது, போகத்தான் வேண்டும். கதிரியக்க அளவைத் தையல் வகுப்பு ஆசிரியை தீர்மானிக்க முடியாது. சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அது சென்னைக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்பவர்கள் சிலர்தான். முத்துலட்சுமி பெயர் தெரியும், சாந்தா பெயர் தெரியும். சங்கத்தின் பெயர் மருத்துவமனைப் பலகையில் மூன்று எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது.

இதைப் பார்த்து வருத்தப்படுவதா என்று யோசித்தேன். மருத்துவமனை ஓடுகிறது, அதுதானே வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு மருத்துவமனையோ பள்ளியோ தொடங்க நினைக்கிற பெண்களுக்கு, 'ஒரு பெரிய டாக்டரம்மா கட்டினார்' என்ற கதை மட்டும் போய்ச்சேர்ந்தால் அதில் பயனில்லை. நம் ஊரில் அப்படி ஒரு டாக்டரம்மா இல்லையே என்று உட்கார்ந்துவிடுவார்கள். 'ஒரு சங்கம் கட்டியது' என்ற கதை போய்ச்சேர்ந்தால் எழுந்து நிற்பார்கள்.

இன்று செய்தால் எதை மாற்றலாம்

மனு ஒரு முறை தோற்றதும் அடுத்த வழிக்குக் கெடு வைத்துக்கொள்ளலாம். அரசிடம் கேட்பது தப்பே இல்லை. வாக்குரிமை அப்படித்தான் வந்தது. ஆனால் 'ஒரு வருஷத்துக்குள் பதில் இல்லாவிட்டால் சின்ன அளவில் நாமே தொடங்குகிறோம்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்தால், 1930-களின் கடைசியிலேயே ஓர் ஆலோசனை அறையும் வாரம் ஒரு நாள் பெண் டாக்டரும் கிடைத்திருப்பார்கள். மருத்துவமனை இல்லாமலும் சந்தேகத்தை விதைக்க முடியும். சங்கத்திடம் கிளைகள் இருந்தன, முதலுதவி வகுப்பு இருந்தது, பத்திரிகை இருந்தது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டால் உடனே காட்டு, வாயில் ஆறாத புண் இருந்தால் காட்டு என்ற இரண்டு வரியை வகுப்பில் சொல்லக் கட்டடம் தேவையில்லை.

மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். பத்திரிகையின் முதல் மொழி ஆங்கிலமாக இருந்ததால் சங்கத்தின் குரல் லண்டன் வரை கேட்டது, காஞ்சிபுரம் வரை கேட்டதா என்பது சந்தேகம். சங்கத்தின் தலைமையில் வந்தவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்துப் பெண்கள்தான். தேவதாசி விவாதத்தில் இதன் விலை தெரிந்தது. தேவதாசிகளிலேயே பலர் மசோதாவை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள், எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார்கள். மசோதா சரியானது என்பதே என் நிலை. அந்தப் பெண்களை முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும் என்பதும் என் நிலை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போல அந்த வாழ்க்கையிலிருந்தே வந்து எதிர்த்தவர்கள் இருந்தபோது, அவர்களோடு சங்கம் இன்னும் நெருங்கியிருக்கலாம். புற்றுநோய் வேலைக்கும் இது பொருந்தும். குணமான நோயாளிகளை முதலிலிருந்தே சங்கத்துக்குள் கொண்டுவந்திருந்தால், சாவுதான் என்ற எண்ணத்தை உடைக்க அவர்களைவிட நல்ல சாட்சி யார்?

அடுத்து, ஒரு குடும்பத்தின் மீதும் ஓரிரு மனிதர்கள் மீதும் இவ்வளவு பாரத்தை வைப்பது. இங்கே நன்றாக முடிந்தது. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் தங்களுக்கென்று எதையும் சேர்த்துக்கொள்ளாதவர்களாக அமைந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை விதியாக எழுதிவைக்க முடியாது. நிர்வாகக் குழுவில் யார், எத்தனை காலம், அடுத்தவர் எப்படி வருவார், சங்கத்துக்கு எத்தனை இடம் என்பதை முதல் கட்டடம் எழும்போதே எழுதிவைக்க வேண்டும். பின்னால் எழுத உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும்.

கடைசியாக ஆவணம். அடிக்கல் நாட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. அந்த நிதிக்காக வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டிருக்கக்கூடிய பெண்களின் பெயர்கள் பொதுவெளியில் கிடைப்பதில்லை. சங்கம் நடத்துகிறவர்கள் கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதட்டும். வந்தவர்கள் பெயரை அப்பா பெயரோ கணவர் பெயரோ இல்லாமல் அவரவர் பெயராகவே எழுதட்டும். ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டையைத் தணிக்கை முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருக்கட்டும். யார் வசூலித்தார், எந்தத் தெருவில், யார் எட்டணா கொடுத்தார் என்பதெல்லாம் அந்த அடிக்கட்டையில்தான் இருக்கும்.